ட்ரெய்லர் பிரேக் பிடிக்கவில்லையா? கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள்

பிரேக்கை மிதித்ததும் பிக்கப் நிற்கப் பார்க்கிறது, பின்னால் இருக்கும் ட்ரெய்லர் மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவில் கேம்பர் ட்ரெய்லர் இழுக்கும் பலருக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும். இப்படி ஆனதும் முதலில் கை போவது, பிக்கப்பிலிருந்து ட்ரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பிரேக் கன்ட்ரோலரைப் புதுசாக வாங்கத்தான். நானும் வாங்கினேன், பழுது அங்கே இல்லை. அப்புறம் இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கண்டுபிடித்ததை வைத்து எழுதுகிறேன்.

எலெக்ட்ரிக் டிரம் பிரேக்கின் வேலை எளிது. கன்ட்ரோலர் அனுப்பும் மின்சாரம் ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் மேக்னட்டுக்குப் போகிறது, மேக்னட் சுற்றும் டிரம்மில் ஒட்டி இழுபடுகிறது, அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ளி ஷூவை, அதாவது பிரேக் கட்டையை, டிரம்மில் அழுத்துகிறது. 10 அல்லது 12 அங்குல டிரம் என்றால் ஒரு மேக்னட்டுக்குச் சுமார் 3 ஆம்பியர், இரண்டு அச்சு ட்ரெய்லரில் நான்கு மேக்னட்டுக்கும் சேர்த்து 12 ஆம்பியர். போன அத்தனையும் எர்த் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். அதனால்தான் "லைட் எல்லாம் எரிகிறது, வயரிங் சரியாகத்தான் இருக்கிறது" என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு சின்ன எல்.இ.டி விளக்கு எரிய நூலிழை அளவு செம்பு போதும், 12 ஆம்பியருக்கு அது போதாது.

முதலில் தெரிய வேண்டியது, பழுது பிக்கப்பிலா ட்ரெய்லரிலா என்பது. இதற்கு ட்ரெய்லரிலேயே ஒரு வழி இருக்கிறது. கொக்கி கழன்று ட்ரெய்லர் தனியே ஓடினால் தானாக பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்அவே சுவிட்ச், ட்ரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் நாக்குப் பகுதியில் கம்பிக் கயிற்றோடு இருக்கும். ட்ரெய்லர் பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை அச்சுக் குழாயில் வைக்காதீர்கள், சட்டத்தில் வையுங்கள். பிக்கப்பிலிருந்து பிளக்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் பின்னோக்கிப் போய் கன்ட்ரோலரைக் கெடுத்துவிடலாம். இப்போது சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றிவிட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்து சுவிட்சின் பின்னை உருவுங்கள். சக்கரம் கப்பென்று நின்றால் அந்தச் சக்கரம் வரைக்கும் வயர் சரி, பழுது பிளக்கிலோ பிக்கப்பிலோ. நான்கு சக்கரத்துக்கும் இதே போலச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பின்னை உடனே திரும்பச் செருகிவிடுங்கள், மேக்னட் சும்மா சூடாக வேண்டாம்.

பிக்கப் பக்கம் என்று தெரிந்தால் ஏழு முனை சாக்கெட்டுக்கு வாருங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம், ட்ரெய்லருக்கு ட்ரெய்லர் மாறும், முன்னால் வைத்திருந்தவர் கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார். இடத்தை நம்புங்கள். பிக்கப் சாக்கெட்டை நேரே பார்த்தால், மூடி மேலே இருக்க, கடிகாரம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்: 1 மணியில் 12 வோல்ட் சார்ஜ், 3-ல் வலது இண்டிகேட்டர், 5-ல் பிரேக், 7-ல் எர்த், 9-ல் இடது இண்டிகேட்டர், 11-ல் பின் விளக்கு, நடுவில் ரிவர்ஸ். ட்ரெய்லர் பிளக்கைப் பார்க்கும்போது இது இடவலம் மாறித் தெரியும், இங்கேதான் நிறைய பேர் தப்பாக அளக்கிறார்கள்.

5-க்கும் 7-க்கும் நடுவில் வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து கன்ட்ரோலரின் கை லீவரை முழுசாக அழுத்தச் சொல்லுங்கள். பேட்டரி வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பாதி அழுத்தத்தில் அளக்காதீர்கள், நிறைய கன்ட்ரோலர்கள் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்புவதால் அப்போது மீட்டர் காட்டும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொன்று, வெறும் மீட்டர் ஏமாற்றும். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டிவிடும். அதனால் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றை அந்த இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டிவிட்டு அளங்கள், பல்ப் மங்கினால் வயரில் எங்கோ உயிர் போகிறது. கம்பெனியிலேயே கன்ட்ரோலர் பொருத்தி வரும் சில பிக்கப்கள் ட்ரெய்லர் மாட்டியிருப்பதாகத் தெரிந்தால்தான் மின்சாரம் விடும், அவற்றில் ட்ரெய்லரை மாட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

டெகான்ஷா ப்ராடிஜி பி2 மாதிரி கன்ட்ரோலர் என்றால் திரையைப் பாருங்கள். என்.சி. என்று வந்தால் ட்ரெய்லர் மேக்னட்டே அதற்குத் தெரியவில்லை, எஸ்.எச். என்றால் ஷார்ட், ஓ.எல். என்றால் அளவுக்கு மீறி இழுக்கிறது.

அடுத்தது எர்த். எனக்குக் கேட்டால் பாதி பழுது இங்கேதான். ட்ரெய்லரின் வெள்ளை வயர் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூவில் முடியும், அந்த இடத்தில் துரு ஏறினால் மின்சாரம் கொக்கிப் பந்து வழியாகத் திரும்பப் பார்க்கும், கிரீஸ் பூசிய பந்து அதற்கு ஏற்ற வழி இல்லை. இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாக மினுக்குகிறதா? அது எர்த்தின் அடையாளம். உறுதி செய்ய, நீளமான வயர் ஒன்றைப் பிக்கப் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து மீட்டருக்கு இழுத்து, மற்ற முனையை ட்ரெய்லர் சட்டத்தில் வைத்து, லீவரை முழுசாக அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுரண்டிப் புதுசாகப் போடுங்கள், 12 கேஜுக்கு மெல்லிய வயர் வேண்டாம்.

பழுது ட்ரெய்லரில் என்றால் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள், மலிவானவற்றில் பல ஏ.சி. மட்டும்தான் அளக்கும். பிரேக் வயரைச் சுற்றிக் கிளாம்பை மாட்டி முழு பிரேக் கொடுத்தால், நான்கு மேக்னட்டுக்கு 12 ஆம்பியர் பக்கம் வர வேண்டும். 9 வந்தால் ஒரு மேக்னட் போயிருக்கிறது, 6 வந்தால் பெரும்பாலும் ஒரு அச்சே இல்லை. எனக்கு வந்தது 6, வயர் அறுந்திருந்தது.

அந்த வயர் எங்கே அறுந்திருந்தது என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ட்ரெய்லர் செய்யும்போது ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு வயரை அச்சுக் குழாய்க்கு உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஓடும்போதெல்லாம் அது குழாய்க்குள் ஆடி உரசி, சில வருடத்தில் தோல் தேய்ந்து சில சமயம் ஷார்ட் ஆகும், சில சமயம் அறுந்தே போகும். நிற்கும்போது சரியாக இருந்து ஓடும்போது மட்டும் ஷார்ட் காட்டும் ட்ரெய்லரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். குழாய்க்குள் ரிப்பேர் செய்ய முயலாதீர்கள். பழைய வயரை அங்கேயே விட்டுவிட்டு, அச்சுக்கு வெளியே புது வயரைக் காப்புக் குழாயில் போட்டுக் கட்டிவிடுங்கள். இணைப்புகளில் வெறும் டேப் சுற்றாமல், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் கிரிம்ப் இணைப்பான் போடுங்கள், தண்ணீர் புகாது.

மேக்னட்டையும் தனியே சோதிக்கலாம். இரண்டு வயருக்கும் நடுவில் 3-லிருந்து 4 ஓம் இருக்க வேண்டும். ஒரு வயருக்கும் மேக்னட்டின் உடம்புக்கும் நடுவில் மீட்டர் எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் மாற்றிவிடுங்கள். மாட்டும்போது எந்த வயர் எதில் என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

மின்சாரம் எல்லாம் சரி, ஆனாலும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்றுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. ஷூவில் கிரீஸ் ஏறியிருந்தால் கழுவிப் பயனில்லை, புது ஷூதான், கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் மாற்றுங்கள். ஷூ நன்றாக இருந்தால் பெரும்பாலும் அட்ஜஸ்ட்மென்ட்தான். பின்னால் உள்ள துளை வழியாக உள்ளே இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, ட்ரெய்லர் சக்கரம் கையால் சுற்ற கடினமாகும் வரை இறுக்கி, லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள். புது பிரேக்குக்கு முதல் 200 மைலில் ஒருமுறை, பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறை.

கடைசியாக கெயின், அதாவது கன்ட்ரோலர் ட்ரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் விட வேண்டும் என்ற அளவு. காய்ந்த, சமமான, யாரும் இல்லாத இடத்தில் 20, 25 மைல் வேகத்தில் போய் கை லீவரை மட்டும் முழுசாக அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் வழுக்கிப் பூட்டிக்கொள்ளும் வரை கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பூட்டியதும் ஒரு படி குறைத்து விடுங்கள். சாமான் ஏற்றி, தண்ணீர் டேங்க்கை நிரப்பிய பிறகு இதை மறுபடி செய்ய வேண்டும், காலி ட்ரெய்லருக்கு வைத்த கெயின் அந்த எடைக்குப் போதாது.