பழைய ஜப்பான் பேனா சேகரிக்க ஆசையா? சட்டைப்பைப் பேனாவில் தொடங்குங்கள்

நான் தினமும் எழுதும் பேனா 1969 ஆகஸ்டில் ஜப்பானின் பைலட் நிறுவனம் செய்த எலீட். மாதம் வரைக்கும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நிப்பின் மேல், லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், ‘எச் 869’ என்று குத்தியிருக்கிறது. எச் என்றால் ஹிராட்சுகா ஆலை. 8 மாதம், 69 ஆண்டு. அதே 1969-இல் ஓஹாஷி க்யோசென் என்ற தொலைக்காட்சிப் பிரபலம் எலீட் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அர்த்தமே இல்லாத ஒரு ஐந்து வரிப் பாட்டைச் சொல்லி விளம்பரம் செய்தார். ஜப்பானே அதைச் சொல்லித் திரிந்ததாம். பேனாவும் சூடாக விற்றது. அப்படி விற்றதால்தான் இன்றைக்கும் அது நமக்குக் கட்டுபடியாகும் விலையில் கிடைக்கிறது.

இந்த விளக்கம், ஒரு பழைய ஜப்பான் பேனாகூட இன்னும் வாங்காதவர்களுக்கு. என் கட்சி ஒன்றுதான்: முதல் இரண்டு வருடம் நிப்பைப் பார்த்து வாங்குங்கள், உடம்பின் பளபளப்பைப் பார்த்து வேண்டாம்.

படி 1: மூன்று பெயரும் ஒரு வடிவமும்

மைப்பேனாவுக்கு ஜப்பானியப் பெயர் ‘மன்னென்ஹித்சு’. பத்தாயிரம் ஆண்டுத் தூரிகை என்று பொருள். செய்தவர்கள் ஏராளம், ஆனால் தொடங்குகிறவருக்கு மூன்று பெயர் போதும். செயிலர் 1911-இல் ஹிரோஷிமா பக்கம் குரே என்ற கடற்படைத் துறைமுக ஊரில் தொடங்கியது. பைலட் 1918-இல் நமிகி என்ற பெயரில் தொடங்கி, 1938-இல் பெயரை மாற்றிக்கொண்டது. பிளாட்டினம் 1919. முதல் இரண்டு பெயரிலும் கடல் வாசனை அடிப்பது தற்செயல் இல்லை. பைலட்டை நிறுவிய நமிகி ரியோசுகே கப்பல் படிப்புக்காரர். பைலட் என்று அவர் வைத்தது, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டி அழைத்து வருகிறவரின் பெயரை.

வடிவம் என்று சொன்னது, 1960-களிலும் 70-களிலும் மூன்று நிறுவனமும் போட்டி போட்டுச் செய்த குட்டைப் பேனா. என் எலீட்டும் இந்த வகைதான். மூடி நீளம், உடம்பு குட்டை. மூடியபடி 12 செ.மீ. இருக்கும், சட்டைப்பையில் மறைந்துவிடும். மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினால் முழுப் பேனா. அலுவலகம் போகிறவர்களின் சட்டைப்பைக்காகவே பிறந்த வடிவம். இதைத் தொடக்கத்துக்குச் சொல்லக் காரணம் உண்டு. உடம்பு எளிமையானது, உள்ளே ரப்பர் பை, கார்க் என்று பழுதாக எதுவும் கிடையாது, கார்ட்ரிட்ஜ் என்ற மை அடைத்த சின்னக் குழலைச் செருகினால் எழுதும். நிப்பு மட்டும் பெரும்பாலும் தங்கம். அந்தக் காலத்தில் யார் நிப்பில் காரட் அதிகம் என்று ஒரு சண்டையே நடந்தது. 14, 18 என்று ஏறி 21, 22, 23 வரைக்கும் போனார்கள். காரட் கூடினால் எழுத்து நன்றாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கம் கூடக் கூட உலோகம் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். என்னிடம் உள்ளதில் நன்றாக எழுதுவது ஒரு 14 காரட் நிப்பு.

ஒன்று கவனியுங்கள். நிப்பில் ‘எஃப்’ என்றால் ஃபைன், மெல்லிய கோடு. ‘எம்’ என்றால் மீடியம், நடுத்தரம். ஜப்பானிய எஃப் நம் கைக்குப் பழகிய எஃப் அல்ல, அதைவிட மெலிசு. கட்டம் கட்டமாக நுணுக்கி எழுதும் கான்ஜி எழுத்துக்காகச் செய்தது. தமிழுக்கு இது நல்ல பொருத்தம் என்பது என் எண்ணம். ஐ, ணை, ஞ எல்லாம் சுழி அடைபடாமல் விழும். மெலிசு பிடிக்காதவர்கள் ‘எம்’ தேடுங்கள்.

படி 2: விற்பவரின் பாஷை

முதல் பேனாவை வாங்கும்முன் ஐந்து சொல் பழகிக்கொண்டால் பாதி ஏமாற்றம் தப்பும். ஏலத் தளத்தில் திரும்பத் திரும்ப வருபவை இவை. ‘மிஷியோ’ என்றால் பயன்படுத்தாதது. ‘பிஹின்’ என்றால் நல்ல நிலை. ‘கென்ஜோஹின்’ என்றால் இருப்பது இருக்கிறபடி, பின்னால் சண்டைக்கு வராதே என்று அர்த்தம். ‘ஜங்க்கு’ என்றால் ஒழுகினாலும் உடைந்தாலும் உன் பாடு. ‘நாஇரி’ என்றால் உடம்பில் யாரோ ஒருவர் பெயர் பொறித்திருக்கிறது. பெயர் பொறித்ததற்கு விலை இறங்கும், எழுத்துக்கு ஒன்றும் குறையாது. நான் தேடித் தேடி வாங்குவது அதைத்தான்.

ஆண்டை ‘ஷோவா 44’ என்பது போல, பேரரசரின் ஆட்சிக்கால எண்ணில் போட்டிருப்பார்கள். அத்துடன் 1925-ஐக் கூட்டுங்கள், 1969 வரும்.

படி 3: எங்கே வாங்குவது

ஜப்பான் போகும் வாய்ப்பு இருந்தால் மாதம் 21-ஆம் தேதி கியோட்டோவின் தோஜி கோயில் சந்தைக்கோ, 25-ஆம் தேதி கிதானோ தென்மன்கு சந்தைக்கோ போங்கள். பழைய கிமோனோவுக்கும் பீங்கானுக்கும் நடுவில் தகரப் பெட்டியில் பேனாக்கள் குவிந்து கிடக்கும். கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதே பெரிய லாபம்.

மற்றவர்களுக்கு ஜப்பான் இணையத் தளங்களான யாஹூ ஏலமும், பழைய பொருள் விற்கும் மெர்காரியும்தான். பெரும்பாலான விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்ப மாட்டார்கள். இடையில் ஒரு முகவர் தளம் வேண்டும். அவர்களே உங்களுக்காக ஏலம் எடுத்து, தங்கள் கிடங்கில் வைத்து, பிறகு அனுப்புவார்கள். முகவர் கட்டணம், தபால் செலவு, இங்கே வந்ததும் சுங்க வரி எல்லாம் சேர்த்தால், ஒற்றைப் பேனா வாங்கும்போது மேல்செலவே பேனா விலையைத் தொட்டுவிடும். அதனால் கிடங்கிலேயே மூன்று நான்கு சேரும்வரை பொறுத்து, ஒரே பெட்டியாக அனுப்பச் சொல்லுங்கள்.

‘முப்பது பேனா ஒரே கட்டு’ என்று மலிவாக வருவது கண்ணை இழுக்கும். நானும் விழுந்தேன். முப்பதில் பதினெட்டு, நிப்பு பிடுங்கப்பட்ட வெறும் உடம்பு. தங்கத்தைத் தனியாக உருக்கி விற்றுவிட்டு மிச்சத்தைக் கட்டி விற்கிறார்கள். படத்தில் எல்லாப் பேனாவும் மூடியோடு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 4: படத்தில் நிப்பைப் படிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: நிப்பு மேலிருந்து, நிப்பு பக்கவாட்டில்.

மேலிருந்து பார்க்கும்போது நடுப்பிளவு நேர்கோடாக ஓட வேண்டும். நுனிக்குப் போகப் போக இரண்டு பக்கமும் நெருங்கி, கடைசியில் தொட்டும் தொடாமலும் இருப்பது நல்ல நிப்பு. நுனியில் ஒரு சின்ன உருண்டை இருக்கும், தங்கத்தைவிட வெளுத்த நிறம். இரிடியம் என்று நாம் சொல்வது அதைத்தான். அது இரண்டு பாதியிலும் சமமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தால், பழைய சொந்தக்காரர் ஒரே சாய்வில் பல ஆண்டு எழுதியிருக்கிறார். உங்கள் கை அதே சாய்வு என்றால் சரி, இல்லையென்றால் காகிதத்தைக் கீறும். உருண்டையே போய் வெறும் தங்கம் நீட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்யக் கொடுக்கும் கூலியில் வேறு பேனா வாங்கலாம்.

பக்கவாட்டுப் படத்தில் நிப்பும் அதன் அடியில் இருக்கும் கட்டையும் ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி தெரிந்தால், எப்போதோ கீழே விழுந்து நிப்பு மேலே தூக்கியிருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் சரிப்படுத்தலாம். முதல் பேனாவில் அந்த வேலை வேண்டாம்.

பிறகு உடம்பு. எழுதும்போது விரல் பிடிக்கும் கழுத்தின் ஓரத்தில் மெல்லிய உலோக வளையம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சை பூத்தோ பொரிந்தோ இருந்தால் துரு உள்ளே போய்விட்டது. கார்ட்ரிட்ஜை உள்ளேயே விட்டு வருடக்கணக்கில் மறந்த பேனாக்களில் இது சகஜம். மூடி வாயில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விற்பவர் ‘பார்க்கத் தெரியவில்லை’ என்று பதில் சொன்னால், இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பைலட் மியூ 701 என்று ஒன்று, 1971-இல் வந்தது. நிப்பும் கழுத்தும் ஒரே எஃகுத் துண்டு. எல்லோரும் முதலில் மயங்குவது இதில்தான். விலை ஏறிக் கிடக்கிறது, நிப்பு வளைந்தால் மாற்று கிடையாது. ஐந்தாவது பேனாவாக வாங்குங்கள்.

படி 5: கழுவுவது

பேனா வந்த அன்றே மை ஊற்றி எழுதிப் பார்க்கக் கை பரபரக்கும். உள்ளே காய்ந்த மை 40 வருடத்துக் கட்டி. அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. காதுக்குத் தண்ணீர் பீச்சும் ரப்பர் குமிழை கார்ட்ரிட்ஜ் செருகும் வாயில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். முதலில் கருநீலம் வரும், பிறகு வெளிர் நீலம், பிறகு தெளியும். தெளிந்தது என்று நினைத்து நிறுத்தாதீர்கள். நிப்பை ஈரத் துணியில் ஊன்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் துணியில் மறுபடி நீல வட்டம் இருக்கும். வட்டம் விழாத நாள் வரை இதே வேலை. என் எலீட்டுக்கு ஐந்து நாள் ஆனது.

வெந்நீர் கூடாது. ஸ்பிரிட், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் எதுவும் கூடவே கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கறுப்புப் பேனாக்கள் பல எபோனைட், அதாவது கெட்டிப்படுத்திய ரப்பர். அப்படி ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுசாக ஊறப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் எருமைச் சாணி நிறத்தில் கிடந்தது. மேல்தோலைத் தேய்த்தால் கறுப்பு திரும்பும், கூடவே உடம்பில் பொறித்த கோடுகளும் போய்விடும். அப்படியே வைத்திருக்கிறேன்.

படி 6: மை நிரப்புவது

மூன்று நிறுவனத்துக்கும் மூன்று வாய். ஒன்றின் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றுக்குச் சேராது. பிளாட்டினத்தில் இன்றைக்குக் கடையில் கிடைப்பதே பழைய பேனாவிலும் உட்காரும். அதன் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு இரும்பு மணி உருளும், குலுக்கினால் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். பைலட் குட்டைகளில் பெரும்பாலும் இன்றைய கார்ட்ரிட்ஜ் போகும். 1960-களின் சில பைலட்களுக்கு மட்டும் ‘டபுள் ஸ்பேர்’ என்ற வேறு வகை வேண்டும், அது இப்போது உற்பத்தியில் இல்லை. வாங்கும்முன் விசாரியுங்கள். புட்டியிலிருந்து மை உறிஞ்சும் கன்வெர்ட்டருக்குக் குட்டை உடம்பில் பெரும்பாலும் இடம் இருக்காது என்பதால் பலரும் செய்வது இதுதான்: தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கழுவி, மருந்துக்கடை ஊசிக்குழலால் மையை நிரப்பி மறுபடி செருகுவது. ஒரே கார்ட்ரிட்ஜை இப்படிப் பல மாதம் ஓட்டலாம்.

மை எந்த நிறுவனத்துடையதானாலும் சாதாரண நீலம், தண்ணீரில் கரைகிற வகையாக இருக்கட்டும். படம் வரையும் இந்தியன் இங்க் ஊற்றினால் கட்டை அடைத்துக்கொள்ளும், பிறகு அழுதாலும் வராது.

படி 7: வைக்கும் இடம்

வெயில் படாத அலமாரி, தனித்தனித் துணிப்பை. துணிமணியோடு பாச்சை உருண்டை போட்ட டிராயரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஒரு நோட்டில் வாங்கிய தேதி, விலை, நிப்பின் குறியீடு, எந்தக் கார்ட்ரிட்ஜ் சேர்ந்தது என்று எழுதிவையுங்கள்.

படி 8: அடுத்தது

ஐந்தாறு குட்டைகள் சேர்ந்த பிறகு கை தானாக மேலே நீளும். மகி-எ என்ற அரக்கு வேலைப்பாட்டுப் பேனாக்கள் ஒரு தனி உலகம். 1930-இல் நமிகியும் லண்டன் டன்ஹில் நிறுவனமும் கைகோத்துச் செய்தவை இன்று ஏல நிறுவனங்களின் சரக்கு. நம் பர்சுக்கு வருவதாகச் சொல்லி விற்கப்படும் ‘மகி-எ’ பலவும் அச்சடித்த படம். லென்ஸில் பார்த்தால் தெரியும். கையால் தூவிய தங்கப்பொடி பெரிதும் சிறிதுமாகச் சிதறியிருக்கும், அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது ‘இங்கி-தோமே’. மையை அடைத்து நிறுத்துவது என்று பொருள். கழுத்தைக் கழற்றி, உடம்புக்குள் நேராக ஃபில்லரால் மை ஊற்றும் பழைய முறை. நம் பள்ளிக்கூடப் பேனா மாதிரியே. வித்தியாசம் வால் பக்கம் இருக்கும் திருகில். அதிலிருந்து ஒரு கம்பி உடம்பின் நடுவே ஓடி, கழுத்துக்குப் போகும் மைவழியை அடைத்து நிற்கும். அதனால்தான் பையில் போட்டாலும் கக்காது. வாங்கும்முன், வாலில் கம்பியைச் சுற்றியிருக்கும் கார்க் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். காய்ந்து சுருங்கிய கார்க் என்றால் மை பின்பக்கமாக வந்து விரலை நனைக்கும்.

இரண்டு வரிக் கையெழுத்துக்கு வாலை மூடியபடியே எழுதலாம், கட்டையில் இருக்கும் மை போதும். கடிதம் எழுதுவதாக இருந்தால் வாலை இரண்டு மூன்று மி.மீ. திருகித் திறங்கள். அரைப் பக்கத்தில் எழுத்து வெளிறிக்கொண்டே வந்து நின்றால் பேனாவைக் குலுக்காதீர்கள், திறக்க மறந்திருப்பீர்கள். எழுதி முடித்ததும் மூடிவிட்டு, அப்புறம் பைக்குள் போடுங்கள்.