பிள்ளைக்குப் பல் ஊசி: பெரியவர்கள் செய்கிற தவறுகள்

நம்ம நெல்லைப் பக்கம் பிள்ளை சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தால் ஆச்சியில் தொடங்கி பக்கத்து வீட்டு அத்தை வரை எல்லார் வாயிலும் ஒரே மிரட்டல்தான்: "திங்கலேன்னா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போட்ருவேம்லே." இப்படியே கேட்டு வளர்ந்தவனை ஏழு வயதில் சொத்தைப் பல்லோடு பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "ஏன் இந்தக் கத்து கத்துறான்" என்று கேட்டால் டாக்டர் என்ன செய்வார்? பயந்துபோன பிள்ளைக்கு அதே குத்து இன்னும் அதிகமாக வலிக்கும். ஊசியை வைத்து மிரட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அடுத்தது பொய். "ஊசியே கிடையாது, சும்மா பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்று சொல்லிக் கூட்டிப்போனால் அந்த ஒரு தடவை காரியம் நடக்கும், அடுத்த தடவை பிள்ளை வாசல்படியே ஏறாது. "ஈறுல ஒரு சின்னக் கிள்ளு மாதிரி தெரியும், அப்புறம் உதடு தடிச்ச மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிரும்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். குழந்தைப் பல் டாக்டர்கள் ஒவ்வொன்றையும் முதலில் சொல்லி, காட்டி, பிறகு செய்கிற முறையை வைத்திருக்கிறார்கள், 1959-லிருந்தே இருக்கிற முறை. அந்த நேரத்தில் நாம் நடுவில் புகுந்து நம் விளக்கத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் சொல்வது, கன்னம் வீங்குகிற வரைக்கும் கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையுமாக ஓட்டுவது. (அந்த எண்ணெயை அப்படியே தடவினால் ஈறு புண்ணாகும், விழுங்கினால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.) சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும், ஊசியில் போடுகிற, மரக்க வைக்கிற மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது, அதனால் மரத்துப்போகாமல் இரண்டாவது, மூன்றாவது ஊசி போட வேண்டிவரும். சின்னக் குழியாக இருக்கும்போதே போயிருந்தால் பல நேரம் ஊசியே தேவைப்பட்டிருக்காது.

சரி, நாற்காலியில் உட்கார்ந்தாச்சு. இங்கே நம் அவசரம்தான் எதிரி. ஈற்றைப் பஞ்சால் துடைத்து ஈரம் இல்லாமல் ஆக்கி, மரக்க வைக்கிற ஜெல்லைத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால்தான் அது வேலை செய்யும். எச்சில் மேலேயே தடவி உடனே குத்தினால் தடவாத மாதிரிதான். குத்துவதை விட மருந்தை வேகமாகத் தள்ளுவதுதான் அதிகம் வலிக்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லி என்கிற அளவில் மெதுவாகப் போக வேண்டும். "சீக்கிரம் போடுங்க டாக்டர், அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பின்னால் நின்று நாம் சொன்னால் அந்த அவசரம் டாக்டர் கைக்கும் தொற்றிக்கொள்ளும். ஜெல் தடவுவீர்களா, மெதுவாகப் போடுவீர்களா என்று முன்னாடியே கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. போடும்போது டாக்டர் பிள்ளையின் உதட்டைப் பிடித்து லேசாக ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொடுவுணர்ச்சி வலிச் செய்தியை அமுக்கிவிடும். மேல் அண்ணத்தில் போடுகிற ஊசி மட்டும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கத்தான் செய்யும், அங்கே சதை எலும்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது.

நடுவில் "வலிக்குதா தங்கம், வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கேட்கக் கேட்கப் பிள்ளையின் கவனம் முழுக்க வலியிலேயே நிற்கும். கையைப் பிடித்துக்கொண்டு ஆனித் தேரோட்டத்தில் தேர் எந்த முக்கில் நின்றது என்று பேசுங்கள். மாமா, சித்தப்பா என்று நாலு பேராக அமுக்கிப் பிடிப்பதும் வேண்டாம்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், மருந்தளவை அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஊசியில் போடுகிற லிக்னோகெயின் என்கிற மரக்க வைக்கிற மருந்துக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், 15 கிலோ பிள்ளைக்கு 66 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 3.3 மில்லி. அதற்கு மேல் போகக் கூடாது. வெறும் வயிற்றோடும் கூட்டிப்போகாதீர்கள். மயக்க மருந்து கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர்கள் சொன்ன நேரத்துக்குப் பட்டினி. பள்ளிக்கூடம் விட்டுக் களைத்து வருகிற சாயங்காலத்தை விடக் காலை நேரம் எவ்வளவோ மேல்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், அழுத பிள்ளைக்குச் சமாதானமாகச் சூடான அல்வாவை இலையில் வாங்கிக் கையில் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும், சூடும் தெரியாது, கடிப்பதும் தெரியாது. மெல்லும்போது உதட்டையும் சேர்த்து மென்றுவிட்டு மறுநாள் வீங்கிய உதடும் வெள்ளைப் புண்ணுமாக நிற்கிற பிள்ளைகள் நிறைய. அதைப் பார்த்துச் சீழ் என்று பயந்துபோய் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாக ஆறிவிடும். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அல்வாவை வீட்டுக்குக் கட்டி வாங்கிக்கொண்டு, உதட்டைக் கிள்ளினால் "ஆ" என்று கத்துகிறானா என்று பார்த்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.