டூரிங் கேரவனுக்கு இன்ஷூரன்ஸும் பூட்டும்: முதலில் பாலிசி, அப்புறம்தான் கடை

இங்கிலாந்தில் முதல்முறையாக ஒரு டூரிங் கேரவன் (காரின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) வாங்கியிருக்கிறவர்களுக்கும் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இது. ரிவர்ஸ் எடுப்பது, கேஸ் சிலிண்டர் மாட்டுவது, கழிவறைப் பெட்டியைக் காலி செய்வது எல்லாவற்றுக்கும் யூடியூபில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. இங்கே திருட்டும் இன்ஷூரன்ஸும் மட்டும்.

கேரவனில் எஞ்சின் கிடையாது, இக்னிஷன் சாவி கிடையாது. பின்னால் ஒட்டியிருப்பது இழுக்கும் காரின் நம்பர் பிளேட். டோ பால் (கேரவனை மாட்டும் உருண்டைக் கொக்கி) வைத்த கார் ஒன்று வந்தால் சில நிமிடங்களில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்களா? இழுத்துப் போகும்போது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளும். கேரவன் திருடுபோனாலோ நசுங்கினாலோ ஒரு பென்னிகூட வராது. கேரவனுக்குத் தனி இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

படி 1: இது யாருடைய கேரவன்?

கேரவனுக்கு கார் மாதிரி டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) லாக்புக் கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது கிரிஸ் (CRiS) என்ற கேரவன் பதிவேடு. 1992 முதல் தயாரான பெரும்பாலான பிரிட்டிஷ் கேரவன்களுக்கு 17 இலக்க எண் உண்டு. சேஸிஸில் அடித்திருப்பார்கள், ஜன்னல் கண்ணாடிகளிலும் பொறித்திருப்பார்கள். பழைய கேரவன் வாங்கினால் எல்லா ஜன்னலையும் பாருங்கள். ஒரே ஒரு கண்ணாடியில் எண்ணைச் சுரண்டியிருந்தாலும் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். காசு கொடுக்கும் முன் கிரிஸில் கட்டணம் கட்டி, திருட்டு, பாக்கிக் கடன் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கிரிஸ் தாளில் இருப்பது வைத்திருப்பவர் பெயர் மட்டுமே. உரிமையாளர் என்பதற்கு அது சாட்சியாகாது. வாங்கிய ரசீதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

படி 2: கோட் (பிரீமிய விலைப்புள்ளி) எடுப்பது

பாலிசி இரண்டு வகை. 'நியூ ஃபார் ஓல்ட்' என்றால் போனதற்குப் பதில் புதிது. கேரவனுக்குக் குறிப்பிட்ட வயது வரைதான் கொடுப்பார்கள். 'மார்க்கெட் வேல்யூ' என்றால் அன்றைக்கு அது என்ன விலை போகுமோ அது. முதல் வகையை எடுக்கிறவர்கள் காப்பீட்டுத் தொகையாக, தாங்கள் வாங்கிய விலையைப் போடக்கூடாது. அதே மாடல் இன்று புதிதாக என்ன விலையோ அதைப் போட வேண்டும். மோட்டார் மூவர் (கார் இல்லாமல் ரிமோட்டில் கேரவனை நகர்த்தும் கருவி), சோலார் பேனல் போன்று பின்னால் பொருத்தியவற்றையும் சேருங்கள். ஆனிங்குக்கும் (பக்கத்தில் கட்டும் கூடாரம்) உள்ளே வைக்கும் சாமானுக்கும் தனி வரம்பு இருக்கும், அதையும் பாருங்கள்.

நிறுத்தும் இடத்தின் போஸ்ட்கோடு கேட்பார்கள். வீட்டு டிரைவ்வேயில் இல்லாமல் ஸ்டோரேஜில் விடுவதானால், கசோவா (கேரவன் ஸ்டோரேஜ் இடங்களின் சங்கம்) தரம் பெற்ற இடமா என்று பாருங்கள். கோல்ட் தரத்துக்குப் பல கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. இடம் மாற்றினால் அன்றே சொல்லிவிட வேண்டும். மழைநீர் ஊறி மெல்ல மெல்லச் சுவர் இற்றுப்போவதற்குப் பெரும்பாலும் எந்த பாலிசியும் பணம் தராது. அதற்கு வருடாந்தர சர்வீஸ்தான் வழி.

இனி முக்கியமானது. கோட் வந்ததும் விலையைப் பார்க்காதீர்கள். பாலிசி புத்தகத்தில் 'செக்யூரிட்டி' என்ற பகுதியைத் தேடி எழுத்தெண்ணிப் படியுங்கள். ஹிட்ச்லாக் (கேரவனைக் காரோடு மாட்டும் ஹிட்ச் என்ற முன்பக்கப் பிடிக்கான பூட்டு) மட்டும் போதுமா, சக்கரப் பூட்டும் வேண்டுமா? குறிப்பிட்ட மாடலா, சோல்ட் செக்யூர் (பூட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) தரமா? எப்போதெல்லாம் போட்டிருக்க வேண்டும்? 'ஆளில்லாதபோதெல்லாம்' என்று இருந்தால் மோட்டார்வே சர்வீஸில் காபி குடிக்க இறங்கும் பத்து நிமிடமும் அதில் அடக்கம். பூட்டை வாங்கிவிட்டு பாலிசிக்குப் போனால், இரண்டும் பொருந்தாமல் இன்னொரு பூட்டுக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

படி 3: வாங்குவது

ஹிட்ச்லாக் வாங்கும் முன் உங்கள் ஹிட்ச்சின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அல்-கோ ஏகேஎஸ் 3004 என்ற ஹிட்ச்சுக்கு வருவது வின்டர்ஹாஃப் டபிள்யூஎஸ் 3000-க்கு வராது. காரோடு மாட்டியிருக்கும்போதும் பூட்ட முடிகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன காபிக் கதைக்கு உதவாது.

சக்கரத்துக்கு என் ஓட்டு அல்-கோ செக்யூர் பூட்டுக்குத்தான். டயரை வெளியே கவ்விப் பிடிக்கும் மஞ்சள் கிளாம்ப் எனக்குப் பிடிக்காது. செக்யூர், சக்கரத்தின் இடைவெளி வழியே உள்ளே போய், பின்னால் இருக்கும் ரிசீவரில் போல்ட்டாக இறுகிக்கொள்ளும். அந்த ரிசீவர் உங்கள் கேரவனில் இருக்க வேண்டும். உங்கள் அலாய் வீலுக்கு ஏற்ற எண்ணுள்ள கிட்டையும் கேட்டு வாங்க வேண்டும். இரட்டை ஆக்ஸில் என்றால் சாதாரணமாக இரண்டு பூட்டு கேட்பார்கள். விலை அதிகம்தான்.

படி 4: சக்கரப் பூட்டை மாட்டுவது (இங்கேதான் எல்லோரும் திணறுகிறார்கள்)

விளம்பரப் படத்தில் ஒரு கையால் மாட்டுவார்கள். நேரில் பார்த்தால், ரிசீவர் ஒரே இடத்தில் நிற்கும். சக்கரத்தின் இடைவெளியோ நிறுத்திய நேரத்தில் எங்கே நின்றதோ அங்கே இருக்கும். ஒரு இஞ்ச் தள்ளிப்போனாலும் போல்ட் உள்ளே போகாது.

மோட்டார் மூவர் இருந்தால் கவலையில்லை. ஒருவர் ரிமோட்டில் மெதுவாக நகர்த்த, இன்னொருவர் குனிந்து பார்த்து "நிறுத்து" சொன்னால் முடிந்தது. மூவர் இல்லாதவர்கள் கேரவனைக் காரிலிருந்து கழற்றாமல், காரின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சரியான ஜாக்கிங் பாயிண்டில் ஜாக் வைத்து, சக்கரம் தரையை விடும் வரை மட்டும் தூக்குங்கள். நான்கு மூலைகளில் இருக்கும் ஸ்டெடிகளால் (நிறுத்தியபின் ஆடாமலிருக்க இறக்கும் கால்கள்) தூக்கவே கூடாது, கேரவனின் தரை வளைந்துவிடும். கேரவனின் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றி இடைவெளியை ரிசீவருக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் சுற்றினால் பிரேக் பிடிக்கலாம். ஜாக்கில் நிற்கும் கேரவனுக்கு அடியில் தலையையோ கையையோ நீட்ட வேண்டாம். போல்ட்டை இறுக்கி மேல் பூட்டைப் போட்டு, இறக்கி, ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

இந்தக் கூத்து ஒருமுறைதான். பூட்டு மாட்டியிருக்கும் நிலையிலேயே, டயரின் பக்கவாட்டில் தரையைத் தொடும் இடத்தில் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த தடவை அந்தக் கோடு கீழே வரும்போது நிறுத்தினால் போதும். தரையில் கோடு போட்டுப் பயனில்லை: பயணம் முடிந்து அதே இடத்துக்கு வந்தாலும் சக்கரம் வேறு கோணத்தில்தான் நிற்கும்.

கிளம்பும் முன் கழற்ற வேண்டுமே! சாவியைக் கார் சாவியோடு கோத்துவிடுங்கள்.

படி 5: சாட்சியும் டிராக்கரும்

பூட்டின் ரசீது, பூட்டு போட்ட நிலையில் எடுத்த போட்டோ, கிரிஸ் தாள் மூன்றையும் போனில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். எதுவும் கேரவனுக்குள் இருக்கக்கூடாது. ஸ்பேர் சாவியும் அப்படியே. கிளெய்மில் எல்லாச் சாவிகளையும் கேட்கும் கம்பெனிகள் உண்டு. கிரிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களைக் கூரையில் பெரிதாக ஒட்டினால் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து தெரியும்.

டிராக்கர் என்றால் சந்தா கட்டும் வகைதான் என் தேர்வு. ஏர்டேக் (ஆப்பிளின் குட்டி டிராக்கர்) மலிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தன்னோடு ஏதோ ஒரு ஏர்டேக் பயணிக்கிறது என்று அதுவே திருடனின் போனுக்குச் சேதி அனுப்பிவிடும். குளிர்காலத்தில் கேரவன் பேட்டரி இறங்கினால் அலாரமும் டிராக்கரும் சேர்ந்து படுத்துவிடும். சோலார் பேனலோ மாதம் ஒரு சார்ஜோ வேண்டும்.

பிற்சேர்க்கை 1: "பூட்டு போடாத நாளில் புயலில் மரம் விழுந்தால் கிளெய்ம் போய்விடுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 2015-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம், 11-ஆம் பிரிவு இங்கே துணை நிற்கும். நடந்த விதத்தில் அந்த இழப்பு நடக்கும் வாய்ப்பைப் பூட்டு இல்லாதது கூட்டியிருக்கவே முடியாது என்று நீங்கள் காட்டினால், அதைக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. கம்பெனி பிடிவாதம் பிடித்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் நடுநிலை அமைப்பு) போகலாம். இறுதிப் பதில் வந்ததிலிருந்து 6 மாதம் அவகாசம்.

பிற்சேர்க்கை 2: திருடுபோனதும் யாரை முதலில் அழைப்பது என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கண்ணெதிரே இழுத்துப் போகிறார்கள் என்றால் 999, காலையில் எழுந்து பார்த்தால் காணோம் என்றால் 101 (அவசரமில்லாத போலீஸ் எண்). டிராக்கர் இருந்தால் உடனே அந்தக் கம்பெனிக்கும் போன். போலீஸ் கொடுக்கும் கிரைம் ரெஃபரன்ஸ் எண்ணை எழுதிக்கொண்டு இன்ஷூரன்ஸுக்கும் கிரிஸுக்கும் சொல்லுங்கள்.