ஊருக்கே திரும்பிடலாம்னு கிளம்பற வேலூர்க்காரங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவைத், சவூதி, சிங்கப்பூர், நியூ ஜெர்சின்னு நம்ம வட ஆற்காட்டு ஜனம் இல்லாத இடமே இல்ல. ஆம்பூர், வாணியம்பாடில இருந்து தோல் வேலையா போனவங்க, சிஎம்சில நர்சிங் படிச்சிட்டு போனவங்க, விஐடி முடிச்சிட்டு எம்எஸ் பண்ணப் போனவங்க, யாரா இருந்தாலும் பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள் அந்த நெனப்பு வந்துடும், போதும்பா, புள்ளைங்கள கூட்டிக்கினு ஊருக்கே போயிடலாம்னு. அந்த ஏக்கத்துல ஒரு தப்பும் இல்ல, வாங்க, சந்தோஷமா வாங்க. ஆனா ஏக்கத்த மட்டும் வச்சு நாள் குறிச்சுடாதீங்க. திரும்பி வந்து திணறினவங்கள இந்தப் பக்கம் நிறைய பாத்திருக்கேன், அவங்க யாருக்கும் ஊரு புடிக்காம போகல, அங்க இருக்கும்போதே முடிச்சிருக்க வேண்டிய வேலையையும் பேசி தீத்திருக்க வேண்டிய பேச்சையும் அப்படியே விட்டுட்டு வந்துட்டாங்க, அதான் விஷயம்.

மொதல் தப்பு, டிசம்பர் லீவுல பாத்த ஊர வச்சு முடிவெடுக்கறது. மார்கழில வேலூர் நல்லா தான் இருக்கும், காலைல பனி, ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா, அம்மா கையால இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா குழம்பு, சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கே வந்து பாத்துட்டு போவாங்க, உங்களுக்கு ஒரு ஆபீஸ் வேலையும் இருக்காது. அந்த மூணு வாரத்துல பாக்கறது விருந்தாளியோட வேலூர். குடும்பத்தோட இங்கயே இருக்கறது வேற. அதனால முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது மே மாசத்துல வாங்க, 40 டிகிரிக்கு மேல அடிக்கற கத்திரி வெயில்ல ஒரு மாசம் புள்ளைங்களோட தங்கிப் பாருங்க, வைகாசி ஒண்ணாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவும் பாத்த மாதிரி இருக்கும். அந்த ஒரு மாசத்துல விஏஓ ஆபீஸ், ஈபி ஆபீஸ், ரெண்டு மூணு ஸ்கூல் அட்மிஷன், கிரீன் சர்க்கிள் டிராஃபிக், சிஎம்சி ஓபி க்யூ எல்லாத்தையும் நீங்களே நேர்ல போய் பாருங்க, தம்பிய அனுப்பாதீங்க. அதுக்கப்புறமும் வரணும்னு தோணுச்சுன்னா அது உறுதியான ஆசை.

அடுத்தது, வீட்ல ஒருத்தர் மட்டும் முடிவெடுக்கறது. பெரும்பாலும் ஆம்பளைங்க தான் இத பண்றாங்க. காட்பாடி உங்களுக்கு சொந்த ஊரு, உங்க மனைவிக்கு அது மாமியார் வீடு இருக்கற ஊரு, அவங்க தஞ்சாவூரோ திருநெல்வேலியோவா இருந்தா இங்க அவங்களுக்கு ஒரு ஃப்ரெண்டு கூட இருக்க மாட்டாங்க. அங்க தனியா கார் ஓட்டிக்கினு வேலைக்குப் போய்ட்டு வந்தவங்க இங்க வந்ததும் எங்க போனாலும் பதில் சொல்லிட்டுப் போகணும்னா எத்தன நாளைக்கு தாங்கும்? கூட்டுக் குடும்பமா தனிக் குடித்தனமா, சமையல் யாரு, அவங்க வேலைக்குப் போறாங்களா இல்லியா, இதெல்லாம் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பேசி முடிங்க, உங்க அப்பா அம்மாகிட்டயும் சேத்து பேசுங்க. நர்ஸா இருந்தா தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நடப்புல இருக்கான்னு பாருங்க, இங்க சம்பளம் அங்கத்ததுல ஒரு சின்ன பங்கு தான் வரும்னு மனச தயார் பண்ணிக்கங்க.

புள்ளைங்க விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுல பண்ற தப்ப பின்னாடி திருத்த முடியாது. அஞ்சாவது ஆறாவதுக்குள்ள வந்தா புள்ளைங்க ஒரு வருஷத்துல பழகிடுதுங்க. ஒம்பதாவது பத்தாவதுல கொண்டாந்து விட்டா ரொம்ப கஷ்டம். வீட்ல தமிழ் பேசற புள்ள தான்னு அப்பா அம்மா தைரியமா வந்துடறாங்க, ஆனா ஸ்டேட் போர்டுல பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயப் பாடம், 2006-ல கொண்டு வந்த சட்டம் அது, பேசத் தெரிஞ்சா மட்டும் செய்யுள் பகுதி எழுதிட முடியாது. அதனால ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அங்க இருக்கற தமிழ்ப் பள்ளில சேத்து விடுங்க, இல்லன்னா தினமும் அரை மணி நேரம் நீங்களே எழுத வைங்க. எந்த போர்டு, அதுல எந்த வகுப்புல மொழி எப்படின்னு ஸ்கூல்ல கேட்டு வாங்கிக்கங்க, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னத நம்பி வராதீங்க.

அத விட பெருசு ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல பொண்ணோ பையனோ டாக்டர் ஆகணும்னு ஆசப்படாத வீடு கொறவு, 1900-ல ஐடா ஸ்கடர் ஆரம்பிச்ச சிஎம்சி ஆஸ்பத்திரிய தினமும் பாத்து வளந்த ஊரு இது. ஊருக்கு வந்துட்டா புள்ள நீட் எழுதி இங்கயே சேந்துடும்னு நெனச்சு அமெரிக்க பாஸ்போர்ட் புள்ளைக்கு ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்குக் குடுக்கறது) எடுத்துக்கினு வர்றாங்க. 2021 மார்ச் 4-ஆம் தேதி மத்திய அரசு போட்ட அறிவிக்கைப்படி ஓசிஐ புள்ளைங்க நீட், ஜேஇஇ எல்லாம் எழுதலாம், ஆனா என்ஆர்ஐ சீட்டுக்கோ இல்ல அதுக்குன்னு தனியா ஒதுக்கின கூடுதல் சீட்டுக்கோ தான் போட்டி போட முடியும், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்னு வச்ச சீட்டு கிடைக்காது. 2023-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது என்னன்னா, அந்தத் தேதிக்கு முன்னாடியே ஓசிஐ கார்டு வாங்கினவங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாதுன்னு. அப்போ உங்க புள்ளையோட கார்டுல என்ன தேதி இருக்குங்கறது பல லட்ச ரூபா விஷயம். இது தெரியாம பிளஸ் டூ வரைக்கும் கோச்சிங்குக்கு அனுப்பிட்டு கவுன்சிலிங் சமயத்துல தெரிஞ்சுக்கிட்டு உக்காந்து அழுத ஒரு வீட்ட எனக்குத் தெரியும், அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. இன்னைக்கே பீரோவ தொறந்து கார்டப் பாத்துடுங்க.

எப்ப வர்றதுங்கறதுல ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்வாங்க. ஆடிட்டர் சொல்வார் அக்டோபருக்கு மேல வாங்கன்னு, ஸ்கூல் சொல்லும் ஜூன்ல வாங்கன்னு. ஆடிட்டர் ஏன் சொல்றார்னா, ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் கணக்குல 182 நாளோ அதுக்கு மேலயோ இங்க இருந்தா வரிக் கணக்குல அந்த வருஷம் நீங்க ரெசிடெண்ட், அதாவது உள்நாட்டுக்காரர், அக்டோபருக்கு மேல வந்தா அந்த நாள் எண்ணிக்கை வராது. இதுல ஒரு சிக்கல் இருக்கு, முந்தின நாலு வருஷத்துல லீவுக்கு வந்த நாளெல்லாம் கூட்டி 365-ஓ அதுக்கு மேலயோ வந்தா, 60 நாள் இருந்தாலே ரெசிடெண்ட்னு இன்னொரு கணக்கு குறுக்க வரலாம், அதனால பாஸ்போர்ட்ல இருக்கற சீல் எல்லாம் போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பி வைங்க. சரி, ரெசிடெண்டே ஆயிட்டா மோசமா போயிடுமா? இல்ல. முந்தின 10 வருஷத்துல 9 வருஷம் நான்-ரெசிடெண்டா இருந்தவங்க, இல்ல முந்தின 7 வருஷத்துல மொத்தமா 729 நாளுக்குள்ள இங்க இருந்தவங்க, ஆர்என்ஓஆர்னு ஒரு நடு நிலைல இருப்பாங்க, அந்த வருஷங்கள்ல வெளிநாட்ல வர்ற வட்டி, வாடகை, ஷேர் லாபம் இதுக்கெல்லாம் இங்க வரி கிடையாது. பத்து வருஷத்துக்கு மேல தொடர்ந்து வெளில இருந்தவங்களுக்கு பொதுவா ரெண்டு வருஷம் இது கிடைக்கும். அக்டோபருக்கு மேல வந்தா இந்த சலுகை காலம் சுமாரா ஒரு வருஷம் தள்ளிப் போகும், அவ்ளோ தான் லாபம். பெரிய முதலீடு வெளில இல்லாதவங்க அந்த ஒரு வருஷத்துக்காக புள்ளைய படிப்பு நடுவுல பிச்சுக்கினு வர்றது சரியே இல்லங்கறது என் கருத்து. ஜூன்ல வாங்க. இல்லியா, அம்மாவும் புள்ளைங்களும் ஜூன்ல, அப்பா நவம்பர்ல, இப்படி பிரிஞ்சு வந்த குடும்பங்களும் உண்டு.

பேங்க்ல பண்ற தப்பு ஒண்ணு, என்ஆர்இ அக்கவுண்ட்ட, அதாவது வெளிநாட்ல இருக்கறவங்களுக்கான ரூபா கணக்க, அப்படியே விட்டுடறது. இங்கயே தங்கப் போறோம்னு வந்து இறங்கிட்டா அத சாதா அக்கவுண்ட்டாவோ ஆர்எஃப்சிங்கற வெளிநாட்டு கரன்சி அக்கவுண்ட்டாவோ மாத்தியாகணும், வந்த பின்னாடி அந்த வட்டிக்கு வரிவிலக்கு கிடையாது. எஃப்சிஎன்ஆர்னு வெளிநாட்டு கரன்சில போட்ட டெபாசிட் இருந்தா முதிர்வு தேதி வரைக்கும் விடலாம், உடைக்காதீங்க. டாலரையோ தினாரையோ டாலராவே இங்க வச்சுக்கணும்னா ஆர்எஃப்சி தான் வழி. வெளில இருக்கற வீடு, அக்கவுண்ட், ஷேர் எதையும் அவசரமா வித்துட்டு வரவேண்டிய கட்டாயமும் இல்ல, அங்க இருந்தப்ப சம்பாதிச்சு வாங்கினத தொடர்ந்து வச்சுக்க ஃபெமாங்கற அன்னியச் செலாவணி சட்டமே விடுது. ஆர்என்ஓஆர் காலம் முடிஞ்ச பின்னாடி தான் கவனம், ஐடி ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்துக்குன்னு இருக்கற ஷெட்யூல் எஃப்ஏ-ல அத்தனையும் காட்டணும், மறைச்சா 2015-ஆம் வருஷ கறுப்புப் பண சட்டத்துல 10 லட்சம் அபராதம் போட இடம் இருக்கு. அமெரிக்கால 401கேங்கற ஓய்வுக்கால சேமிப்பு வச்சிருக்கவங்க 59½ வயசுக்கு முன்னாடி உருவினா வரி போக 10 சதவீதம் தண்டம், அத அங்கயே விட்டுட்டு வாங்க.

நிலம். இதுல தான் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்னு போகுது. வருஷா வருஷம் காசு அனுப்பி தம்பி பேர்லயோ மச்சான் பேர்லயோ மனை வாங்கச் சொல்லிட்டு, அப்புறமா மாத்திக்கலாம்னு விடறது பெரிய தப்பு, அவர் நல்லவரா இருந்தாலும் நாளைக்கு அவர் புள்ளைங்களுக்கும் அதுல வாரிசு உரிமை வந்துடும். என்ஆர்ஐயோ ஓசிஐயோ வீட்டு மனை, ஃபிளாட் தாராளமா சொந்தப் பேர்லயே வாங்கலாம், விவசாய நிலம் தான் வாங்கக் கூடாது, பரம்பரையா வந்தா வச்சுக்கலாம். நீங்க வர முடியலன்னா அந்த ஒரு மனைக்கு மட்டும்னு பவர் எழுதி இந்திய தூதரகத்துல கையெழுத்து போட்டு அனுப்புங்க, பொது அதிகாரம் குடுத்துட்டு மறந்துடாதீங்க.

பத்திரம் பாக்கும்போது ஒண்ணு கவனிங்க. 2019-ல வேலூர் மாவட்டம் மூணா பிரிஞ்சிடுச்சு, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். பழைய பத்திரத்துல வேலூர்னோ வட ஆற்காடுன்னோ இருக்கும், தாலுகாவும் சில இடத்துல மாறியிருக்கும், ஆன்லைன்ல பட்டா தேடறப்ப பழைய பேர்ல தேடி கிடைக்கலன்னு பயப்படாதீங்க. வில்லங்கம் குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க, பட்டா யார் பேர்ல இருக்கு, எஃப்எம்பிங்கற நில அளவை வரைபடமும் இடமும் ஒத்துப் போகுதா, டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கா, எல்லாம் பாருங்க. அப்புறம் பாலாறு. வருஷம் பூரா மணலா கெடக்குதுன்னு கரையோரத்துல மனை போட்டு விக்கறாங்க, 2021 நவம்பர்ல வந்த வெள்ளத்த பாத்தவங்க அங்க வாங்க மாட்டாங்க. ஏரி, கால்வாய் பக்கமும் அதே தான், அக்கம்பக்கத்து பெரியவங்கள கேட்டா அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு செவுத்துல கை வச்சு காட்டுவாங்க. வந்த உடனே வீடு கட்டவும் வேணாம், சத்துவாச்சாரிலயோ காந்தி நகர்லயோ ஒரு வருஷம் வாடகைக்கு இருங்க, எந்தப் பக்கம் உங்களுக்கு ஒத்து வருதுன்னு அப்புறம் தெரியும்.

வருமானம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஐடி வேலைன்னா சென்னையோ பெங்களூரோ தான் பெரும்பாலும், காட்பாடில இருந்து சென்னைக்கு ட்ரெய்ன்ல சுமார் ரெண்டு மணி நேரம், வாரத்துல ரெண்டு நாள் போகலாம், தினம் போனா உடம்பு தாங்காது. கல்ஃப்ல வாங்கின செட்டில்மென்ட் பணத்த மொத்தமா எடுத்து வந்த மாசமே கடை போடாதீங்க, குறைஞ்சது ரெண்டு வருஷ வீட்டு செலவ தனியா எடுத்து வச்சிட்டு மிச்சத்துல யோசிங்க.

சிஎம்சி பக்கத்துலயே இருக்கே, மெடிக்கல் இன்சூரன்ஸ் எதுக்குன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா பில் குறையாது. ஏற்கனவே சுகரோ பிரஷரோ இருந்தா இன்சூரன்ஸ் கம்பெனி அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம், 2024-க்கு முன்னாடி அது நாலு வருஷமா இருந்துச்சு. அங்க இருக்கும்போதே இங்க ஒரு பாலிசி எடுத்துட்டா அந்தக் காத்திருப்பு நீங்க வர்றதுக்குள்ள ஓடிடும். இருக்கற நோயெல்லாம் மறைக்காம எழுதிக் குடுங்க.

வந்த வழிய மூடிட்டு வராதீங்க. கிரீன் கார்டு இருந்தா ஒரு வருஷத்துக்கு மேல வெளில இருக்கப் போறீங்கன்னா ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கணும், அது ரெண்டு வருஷம் வரைக்கும் குடுப்பாங்க, ஆனா அமெரிக்கால இருக்கும்போதே தான் அப்ளை பண்ணணும், இங்க வந்து பண்ண முடியாது. சோஷியல் செக்யூரிட்டிங்கற அமெரிக்க பென்ஷனுக்கு 40 கிரெடிட் வேணும், சுமாரா 10 வருஷ வேலை, 38 கிரெடிட்ல இருக்கறவங்க இன்னும் ஆறு மாசம் இருந்து முடிச்சிட்டு வர்றது நல்லது. சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) இருக்கறவங்க சிபிஎஃப்ங்கற சேமநிதிப் பணத்த எடுக்கணும்னா பிஆர விட்டுக் குடுத்தாகணும், அத நிதானமா யோசிங்க. சவூதில இருக்கறவங்க லோன், கார்டு, வண்டி ஃபைன் எல்லாம் அடைச்சிட்டு ஃபைனல் எக்ஸிட்லயே (ஒரேயடியா கிளம்பற விசா) கிளம்புங்க, எக்ஸிட் ரீ-என்ட்ரில (போய்ட்டு திரும்பற விசா) வந்து அப்படியே தங்கிடாதீங்க.

சாமான் விஷயத்துல அமெரிக்கா மிக்சி, அவன், ஹேர் டிரையர் எதையும் ஏத்தி அனுப்ப வேணாம், அங்க 110-120 வோல்ட், இங்க 230, இங்க வந்து வேலைக்காகாது. நகை எடுத்துக்கினு வர்றவங்க கஸ்டம்ஸ் அளவு என்னன்னு கிளம்பற வாரத்துல பாத்துக்கங்க, அது மாறலாம். புள்ளைங்களோட பர்த் சர்டிஃபிகேட், ஸ்கூல் மார்க் ஷீட், டிசி, தடுப்பூசி அட்டை, உங்க வேலை அனுபவ சர்டிஃபிகேட், எல்லாருடைய மெடிக்கல் ரிப்போர்ட், இதுல அப்போஸ்டில்ங்கற சான்று முத்திரை வேண்டியதுக்கு அங்கயே போட்டுட்டு ஒரே ஃபைலா கைப் பையில வைங்க, ஷிப்பிங் பெட்டில போட்டா அது மெட்ராஸ் ஹார்பர் வந்து சேர்றதுக்குள்ள ஸ்கூல் அட்மிஷன் முடிஞ்சிடும்.