திறமூலத் திட்டத்தில் பன்முகத்தன்மை விவாதத்தை நடத்துவது எப்படி

திறமூலத் திட்டம் என்றால், நிரலை யாரும் பார்த்து மாற்றம் அனுப்பக்கூடிய மென்பொருள் திட்டம். அதில் பலதரப்பட்டவர்களும் பங்கேற்பதைப் பற்றிப் பேசும்போது, "நம் திட்டத்துக்குப் பன்முகத்தன்மை வேண்டுமா?" என்று கேட்டு விவாதத்தைத் தொடங்காதீர்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒருவர் நடத்தை நெறியை நினைத்துப் பேசுவார், இன்னொருவர் நிரலின் முதன்மைப் பிரதிக்கு வைத்திருக்கும் 'மாஸ்டர்' (எஜமான்) கிளை என்ற பெயரை, மூன்றாமவர் புதியவர்களுக்கான உதவித்தொகையை. மூன்றையும் முதலிலேயே தனித்தனி விவாத இழைகளாகப் பிரித்துவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்க முன்மொழிவு போதும்: எந்தக் கோப்பு மாறும், யார் செய்வார், எது உடையும், திரும்பப் பெற முடியுமா. 2020-இல் லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி) திட்டம் புதிய நிரலில் 'ஸ்லேவ்' (அடிமை), 'பிளாக்லிஸ்ட்' (கறுப்புப் பட்டியல்) போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொன்னபோது, பயனர் நிரல்கள் சார்ந்திருக்கும் ஏற்கெனவே உள்ள இடைமுகங்களுக்கும் வன்பொருள் தரங்களுக்கும் விலக்கு அளித்தது. அத்தகைய விலக்கை முன்மொழிவிலேயே எழுதிவிட்டால், "பழையதெல்லாம் உடையும்" என்ற எதிர்ப்புக்கு இடமிருக்காது.

அடுத்து எண்கள். முதலில் சொந்தத் திட்டத்தைப் பாருங்கள். கடந்த 12 மாதங்களில் முதல் பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) அனுப்பியவர்கள் எத்தனை பேர், முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது, இரண்டாவது பேட்ச் அனுப்பியவர்கள் எத்தனை பேர்? பெயரைப் பார்த்துப் பாலினத்தை ஊகிக்க வேண்டாம். அது தவறாகவும் போகும், அத்துமீறலும்கூட. பெயரில்லாக் கருத்துக்கணிப்பு நடத்தினால், 5 பேருக்குக் குறைவான பிரிவுகளை வெளியிடாதீர்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளி ஆய்வுகளை எடுக்கும்போது பாதியை மறைக்காதீர்கள். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்ட்டுகளை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளை)ப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், திட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் பெண்களின் மாற்றங்களில் பாலினம் தெரியாதபோது 71.8% ஏற்கப்பட்டன, தெரிந்தபோது 62.5%. ஆண்களுக்கும் விழுக்காடு குறைந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. இந்தக் கடைசி வரியை நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைத் தோண்டி எடுத்தால் மீதி எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"நாங்கள் ஆளை அல்ல, நிரலை மட்டும்தான் பார்க்கிறோம்" என்பவரோடு கொள்கை பேசிப் பயனில்லை. பழைய ரிவ்யூக்களை (பேட்ச்களுக்கு எழுதிய மதிப்பாய்வுகளை) எடுத்து வையுங்கள். ஒரே மாதிரிப் பிழைக்குத் தெரிந்தவருக்கு "லாக்கை லூப்புக்கு வெளியே எடுங்கள், சரியாகிவிடும்" என்றும் புதியவருக்கு "முதலில் ஆவணத்தைப் படி" என்றும் பதில் போயிருக்கிறதா? பக்கத்தில் பக்கமாகக் காட்டினால் போதும்.

விவாதத்துக்கு நெறியாளர்கள் 2 பேர், முன்மொழிந்தவரோ எதிர்ப்பவரோ அல்லாதவர்கள். கெடு 14 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 செய்தி. இந்த வரம்பு இல்லையென்றால் நேரம் அதிகமுள்ளவரே ஜெயிப்பார். பாதிக்கப்பட்டவரிடம் பொதுவெளியில் "ஆதாரம் காட்டு" என்று கேட்க விடாதீர்கள். சொல்ல விரும்பினால் நெறியாளரிடம் தனியே சொல்லட்டும்.

முடிவெடுப்பது யார் என்பதை முதல் நாளே அறிவியுங்கள். லினக்ஸ் சார்ந்த இயங்குதளத் திட்டமான டெபியன் 2014-இல் தன் நடத்தை நெறியை உறுப்பினர் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. லினக்ஸ் கெர்னல் 2018 செப்டம்பரில் பெரிய முன்விவாதமின்றிப் புதிய நெறியைச் சேர்த்தது. அடுத்த மாதமே அதற்கு விளக்க ஆவணம் எழுத வேண்டிவந்தது.

நெறி நிறைவேறினால் புகார் பெற குறைந்தது 2 பேரின் முகவரி வேண்டும், எத்தனை நாளில் பதில் என்றும் எழுதியிருக்க வேண்டும். ஒரே முகவரி என்றால், அந்த முகவரிக்குரிய மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) மீதான புகாரும் அவருக்கேதான் போகும்.