கார்மிஷ் பனியில் குடும்பத்தோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கார்மிஷ்-பார்டென்கிர்ஹென். 1936 குளிர்கால ஒலிம்பிக்ஸை முன்னிட்டு இரண்டு ஊர்களைச் சேர்த்து உருவாக்கிய ஊர் இது. பிள்ளைகளோடு இங்கே வருகிறவர்கள் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்.

முதல் தவறு ஜீன்ஸ். பனியில் நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் போதும், உடம்புச் சூட்டில் பனி உருகித் துணிக்குள் இறங்கிவிடும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். உள்ளே போடும் பருத்தி பனியனும் அப்படித்தான், வியர்வையை விடாது. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும் என்று மூன்று அடுக்கு வேண்டும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று நனைந்தால் அன்றைக்குக் காயாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் உறைதான் கதகதப்பு.

காலுக்கு இரண்டு காலுறை போட்டு பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் மரத்துப்போகும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றும், விரலை அசைக்க இடமுள்ள பூட்ஸும் போதும். நனைந்த பூட்ஸை ஹீட்டர்மேல் வைக்காதீர்கள், பசை விட்டுப் போகும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

கார் எடுப்பவர்கள் கவனிக்காத ஒன்று: உப்பிய ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் கட்டுவது. மோதலில் ஜாக்கெட் அமுங்க, பெல்ட் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, மேலே போர்த்திவிடுங்கள். டயரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் உள்ள குறி இருக்கிறதா என்று வாடகை வண்டியை எடுக்கும்போதே பாருங்கள். 2024 அக்டோபரிலிருந்து எம்+எஸ் எழுத்து மட்டும் இருந்தால் அது குளிர்கால டயராகச் செல்லாது.

அடுத்து சுக்ஷ்பிட்ஸ, 2962 மீட்டர், ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரம். வெப்கேமராவைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கினால் மேலே வெறும் வெள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். டிக்கெட் விலையோ சும்மா இல்லை. ஐப்சே ஏரிக்கரையிலிருந்து கேபிள் கார் சுமார் 10 நிமிடத்தில் 1945 மீட்டர் ஏறுகிறது, பிள்ளைகளுக்குக் காது அடைக்கும். ஏறும்போது பல்சக்கர ரயில், இறங்கும்போது கேபிள் கார் என்று வைத்தால் ஏற்றமாவது மெதுவாகும். இறங்கும்போது மென்று தின்ன ஏதாவது கொடுங்கள். கைக்குழந்தை இருந்தால் ஒருவர் ஊரிலேயே இருந்துவிடுவது நல்லது. வழக்கமாக உச்சி ஊரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிராக இருக்கும். பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். நம் தோலுக்கு எதுக்கு என்று விட்டால் மூக்கும் உதடும் எரியும்.

நாள்காட்டியும் காலை வாரும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். டிசம்பர் 24 மதியம் 2 மணிக்குள் சாத்திவிடுவார்கள். 25, 26, ஜனவரி 1, 6 எல்லாம் விடுமுறை. பாலும் பிரெட்டும் 23-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். ஜனவரி 1 அன்று ஒலிம்பிக் மேடையில் ஸ்கீ தாண்டுதல் போட்டி நடப்பதால் ரயில் நெரியும். மியூனிக்கிலிருந்து பயர்ன் டிக்கெட்டில் (பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் டிக்கெட்) வருவதானால் வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது.

டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். பார்ட்னாக் பள்ளத்தாக்குக்கு மதியத்துக்கு முன்பே கிளம்புங்கள். பனி உருகும் நாட்களில் மூடவும் செய்வார்கள், முதல் நாளே விசாரியுங்கள். பாதை குறுகல், ஈரம், மேலே பனிக்கூம்புகள். குழந்தை வண்டி அங்கே உதவாது, முதுகில் சுமக்கும் பைதான் சரி.

தெருவில் கூரை ஓரமாக நடக்காதீர்கள். வெயில் வந்ததும் கூரைப் பனி மொத்தமாகச் சரியும். உறைந்த ஏரியில் யாரோ நடந்த தடம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளை இறக்காதீர்கள். தடம் பதிந்தது போன வாரக் குளிரிலாக இருக்கலாம். அவசரத்துக்கு எண் 112. குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால் போனை உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.