லேப்டாப் திரை வெளிச்சம்: கூட்டப் போய்க் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

‘டிஸ்ப்ளே டல்லா இருக்கு, மாத்திடலாமா?’ கும்பகோணமானாலும் மன்னார்குடியானாலும் சர்வீஸ் கடையில் தினமும் காதில் விழும் கேள்வி. வேலை பழக வந்த பையன் அடுத்த நிமிஷமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவான். பிரைட்னஸ் கீயை அழுத்திப் பார்க்காதது, திரையைத் துடைக்காதது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் புரிந்துவிடும். காசைக் கரைக்கும் தவறுகள் மட்டும் போதும்.

கரண்ட் போனதும் மங்குவதைப் பேனல் கோளாறு என்று நினைப்பது

சார்ஜரில் பளிச்சென்று இருக்கிறது, கரண்ட் போய்ப் பேட்டரிக்கு மாறியதும் மங்குகிறது என்றால் பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பலகை, நன்றாகவே இருக்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சொல்லி மென்பொருள்தான் வெளிச்சத்தை இறக்குகிறது. இன்டெல் என்றால் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் சிஸ்டம், பவர் பக்கத்தில் ‘டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்’ என்பதை அணையுங்கள். ஏஎம்டி என்றால் அட்ரினலின் மென்பொருளில் ‘வேரி-பிரைட்’. விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பிரைட்னஸுக்குப் பக்கத்து அம்புக்குறியைத் திறந்தால், திரையில் ஓடுவதைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் வசதி ஒன்று இருக்கும். அதையும் நிறுத்துங்கள். பேட்டரி சேவரும் தன் பங்குக்கு இறக்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: முழுத்திரைக்குக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பத்து விநாடி விடுங்கள். பிறகு சட்டென்று வெள்ளைப் பக்கத்துக்கு மாறுங்கள். வெள்ளை முதலில் அழுக்காக வந்து, மெல்ல மெல்லத் தெளிந்தால் இந்த வசதிகளில் ஏதோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூடியை அசைக்கும்போது வெளிச்சம் ஏறி இறங்கினால் கதை வேறு. மூடியின் கீலான ஹின்ஜ் வழியாகப் போகும் கேபிளைப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து மெஷின் என்றால் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காமாவை ஏற்றிவிட்டு வெளிச்சம் கூடியதாக நம்புவது

100 சதவீதத்துக்கு மேலும் ஏற்றித் தருவதாகச் சொல்லும் செயலிகள், திரைக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்டைத் தொடுவதே இல்லை. காமா என்னும் அளவை மாற்றி, நடுத்தரச் சாம்பல் நிறங்களை வெள்ளைப் பக்கம் தள்ளுகின்றன, அவ்வளவுதான். கல்யாண ஆல்பம் போடுபவர்கள் இப்படி வைத்துக்கொண்டு கலர் சரிசெய்தால், அச்சில் படம் இருட்டாக வரும். லினக்ஸில் எக்ஸ்ரேண்டர் கட்டளையின் பிரைட்னஸும் இதே வேலையைத்தான் செய்கிறது.

விண்டோஸில் ஸ்லைடரே காணோம் என்றால் கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று டிவைஸ் மேனேஜர் காட்டும். பேனலைக் குறை சொல்வதற்கு முன் டிரைவரைப் போடுங்கள்.

போன் கேமராவில் எடுத்து ஒப்பிடுவது

கேமரா எக்ஸ்போஷரைத் தானே மாற்றிக்கொள்ளும். தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஒழுங்காக ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு மெஷினுக்கும் சார்ஜரைப் போடுங்கள். நைட் லைட், எச்டிஆர் (வெளிச்ச-இருட்டு வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி), தானியங்கி வெளிச்சம் மூன்றையும் அணைத்து, முழு வெள்ளைப் பக்கத்தை 100 சதவீதத்தில் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, ஒரே போனில் லக்ஸ் (மேலே விழும் வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலியைத் திறந்து, சென்சார் திரையைப் பார்க்கும்படி நடுவில் வைத்து இரண்டையும் அளந்து பாருங்கள். வந்த லக்ஸை 3.14-ஆல் வகுத்தால் நிட் கணக்கு ஓரளவு கிடைக்கும். நிட் என்பது திரை எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் அலகு, சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா. எல்சிடி பேனல் நேர் எதிரேதான் அதிகமாக ஒளிர்வதால், இந்தக் கணக்கில் எண் உண்மையைவிடக் குறைந்தே வரும். போன் சென்சாரும் அளவுக்கருவி அல்ல. எது அதிகம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது உதவும்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களைப் புதிய லேப்டாப்போடு ஒப்பிட்டு, செட்டிங்கில் ஏதோ இருக்கிறது என்று தேடுபவர்களும் உண்டு. வருஷக்கணக்கில் எரிந்த எல்இடி தேய்ந்துபோகும், உள்ளே இருக்கும் ஒளி பரப்பும் தாள்கள் மஞ்சளடிக்கும். அதை எந்த செட்டிங்கும் திருப்பித் தராது.

நிட் எண்ணுக்கு மட்டும் காசு கொடுப்பது

விலை குறைந்த லேப்டாப்புகளில் 220 முதல் 250 நிட் சகஜம். அதை 300 ஆக்கினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 400 போனால்தான் மாற்றம் புரியும். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் எச்டிஆர் படத்தில் சின்ன இடம் ஒன்று மின்னும்போது கிடைப்பது. எக்செல் தாளைத் திறந்தால் அது கிடைக்காது.

பேட்டரியைக் கழற்றாமல் பேனல் கேபிளில் கை வைப்பது

எத்தனை தடவை சொன்னாலும் நடப்பது இது. ‘ஷட்டவுன் பண்ணிட்டேனே அண்ணே’ என்பார்கள். ஷட்டவுன் செய்தால் விண்டோஸ் நிற்கும், போர்டில் மின்சாரம் நிற்காது. பல போர்டுகளில் பேக்லைட்டுக்கான மின்சாரம் பேட்டரியின் பிரதான லைனிலிருந்து ஒரு கடுகளவு ஃபியூஸ் வழியாக வருகிறது. மூன்று செல் பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் அது 12.6 வோல்ட். சில பழைய வடிவமைப்புகளில் சார்ஜர் மாட்டியிருந்தால் 19 வரை.

இப்போது கனெக்டரைப் பாருங்கள். போர்டிலிருந்து பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகும் வழக்கமான 30 பின் இடிபி கனெக்டரில் 26 முதல் 29 வரை பேக்லைட் மின்சாரம். 22-ம் 23-ம் பேக்லைட்டை எழுப்பும், வெளிச்ச அளவைச் சொல்லும் சிக்னல்கள். 18 முதல் 21 வரை கிரவுண்ட். 12-ம் 13-ம் பேனலின் 3.3 வோல்ட். படத்தைக் கொண்டுவரும் லைன்கள் 3 முதல் 7-க்குள் இருக்கின்றன. பின்னுக்கும் பின்னுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான். உயிரோடு இருக்கும் கேபிளைச் சாய்த்துச் செருகினால் 12 வோல்ட் பக்கத்துப் பின்னைத் தொடும். கிரவுண்டைத் தொட்டால் ஃபியூஸ் போகும், அது அதிர்ஷ்டம். சிக்னல் லைனுக்கு ஏறினால் அந்த லைன் போய் முடிவது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில். இப்போதைய லேப்டாப்பில் பிராசஸர் போர்டோடு பற்றவைக்கப்பட்டது. பேனல் மாற்ற வந்தவர் போர்டு மாற்றிக்கொண்டு போவார்.

எரிச்சல் என்னவென்றால், தவிர்க்க இரண்டு நிமிஷம் போதும். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிமூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால் கிளப்புங்கள், உலோகம் வேண்டாம். பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். அதற்குப் பிறகுதான் பெசல், அதாவது திரையைச் சுற்றியிருக்கும் சட்டம். பேனலைக் கீபோர்டு மேல் துணி விரித்துக் கவிழ்த்து, கனெக்டர் மேல் இருக்கும் டேப்பை உரித்து, கம்பிக் கிளிப் இருந்தால் அதைத் தூக்கி, கேபிளைப் பேனலின் தளத்தோடு படுக்கையாக இழுங்கள். மேல்நோக்கி நெம்பக்கூடாது. புதியதைச் செருகும்போது இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் நகத்தால் சமமாகத் தள்ளி, இடைவெளி இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிளிப், டேப், கடைசியாகப் பேட்டரி. படம் வந்த பிறகு பெசலை அழுத்தலாம்.

ஏற்கெனவே தப்பு நடந்திருந்தால் அடையாளம் சுலபம். திரை இருட்டாக இருக்கும், டார்ச்சைச் சாய்த்து அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். பேக்லைட் ஃபியூஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே அடுத்த கூத்து: ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு கம்பியைப் பற்றவைப்பார்கள். பேனல் பக்கம் ஷார்ட் இருந்தால் இந்தத் தடவை போர்டின் தடமே எரியும். பேட்டரி இல்லாமல், ஃபியூஸின் பேனல் பக்க முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். கேபிளோடு ஒரு முறை, கேபிளைக் கழற்றி ஒரு முறை. கழற்றியதும் ஷார்ட் போய்விட்டால் குற்றவாளி பேனல் அல்லது கேபிள். ஷார்ட்டைத் தீர்த்துவிட்டு, அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள்.

15.6 அங்குலம் என்று மட்டும் சொல்லி பேனல் வாங்குவது

பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு எண்ணைச் சொல்லுங்கள். தயாரித்த நிறுவனம் எது என்று அதில் தெரியும்: பி என்று தொடங்கினால் ஏயுஓ, என்வி அல்லது என்டி என்றால் பிஓஇ, எல்பி என்றால் எல்ஜி. தொடர்ந்து வரும் 156 அல்லது 140 அங்குல அளவு. கூடவே பார்க்க வேண்டியவை: 30 பின்னா 40 பின்னா, ஸ்க்ரூ காது இருக்கிறதா, அகலம் 350 மில்லிமீட்டரா 360-ஆ, கனெக்டர் எந்தப் பக்கம். வெளிச்சம் கூடிய பேனல் பேட்டரியையும் கூடுதலாகக் குடிக்கும்.

மேட் ஃபிலிம் ஒட்டுவது

இருக்கிற வெளிச்சமும் போகும்.

வெள்ளைச் சட்டையோடு வெளியே உட்காருவது

அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் லேப்டாப்பைத் திறப்பவர்களுக்கு இது. திறந்த நிழலில் 10,000 லக்ஸ் இருந்தால் உங்கள் வெள்ளைச் சட்டை சுமார் 2,500 நிட் ஒளிரும். பளபளப்பான திரை அதில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலே 100 நிட் வெளுப்பு படத்தின் மேல் படிகிறது. 250 நிட் பேனலில் கறுப்பு எழுத்து சாம்பலாகிவிடும். மார்பில் அடர்நிறத் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர் இல்லாமல், இருட்டான கொட்டகை இருக்கும்படி திரும்பி உட்காருங்கள். டார்க் மோடை அணைத்து, எழுத்தைப் பெரிதாக்குங்கள். நேர் வெயில் என்றால் 500 நிட்டும் போதாது, மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள்.